வெப்ல இருந்து வந்த 7 சீனியர் புரோகிராமர்களுக்கு டெஸ்க்டாப் கத்துக்குடுக்கணும், எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்
திங்கள், இரவு 11:20

வணக்கம் எல்லாருக்கும். நான் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில மேசின் சாப்ட்வேர் டீமுக்கு லீடா இருக்கேன். லைன்ல ஓடுற இன்ஸ்பெக்‌ஷன் மேசினோட ஸ்கிரீன் எல்லாமே விண்டோஸ் டெஸ்க்டாப் அப்ளிகேஷன், சி ஷார்ப்ல எழுதுனது, பழசு வின்ஃபார்ம்ஸ், புதுசு டபிள்யூபிஎஃப் (ரெண்டும் ஸ்கிரீன் செய்யறதுக்கான மைக்ரோசாப்ட் கருவி). போன வருசம் டீம்ல மூணு சீனியர் போயிட்டாங்க, அந்த இடத்துக்கும் புது புராஜெக்ட்டுக்கும் சேர்த்து 7 பேர் வந்திருக்காங்க. 6 வருசத்துல இருந்து 12 வருசம் வரைக்கும் அனுபவம், ஆனா முழுக்க வெப். ஸ்பிரிங், நோட், லாராவெல், ரியாக்ட் இப்படி. டெஸ்க்டாப் ஒருத்தரும் தொட்டதில்ல.

மலேசியாவுல தொழிலாளர் பயிற்சிக்குன்னு இருக்குற எச்ஆர்டி கார்ப் லெவி சம்பளத்துல 1 சதவீதம் கட்டிக்கிட்டு தானே இருக்கோம்னு ஒரு வெளி டிரெய்னிங் கம்பெனியைக் கூப்பிட்டோம், 5 நாள். முதல் நாள் காலையில பட்டனை எப்படி இழுத்துப் போடுறது, லேபிள்னா என்ன, டெக்ஸ்ட்பாக்ஸ்னா என்னன்னு ஆரம்பிச்சாங்க. பதினோரு மணிக்கெல்லாம் பாதிப் பேர் ஆபீஸ் மெயில் பாத்துக்கிட்டு இருந்தாங்க. 12 வருசம் பேங்க் சிஸ்டம் எழுதுனவரை உக்கார வச்சு லூப் எழுதச் சொன்னா அவர் வேற என்ன பண்ணுவார்.

5 நாள் முடிஞ்சு லைன் கோடை கையில குடுத்த முதல் வாரமே ஒருத்தர் எழுதுன ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு, ஆபரேட்டர் ஸ்டார்ட் பட்டனை நாலு தடவை அமுக்கியிருக்காங்க, மேசின் அதே டிரேயை நாலு தடவை எடுத்துப் பாத்திருக்கு. யாருக்கும் அடி படல, ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அவர் மோசமான புரோகிராமர் இல்ல லா, அவர் எழுதுன கோடைப் படிச்சா அவ்வளவு சுத்தமா இருக்கும். நாங்க அவருக்குக் கத்துக்குடுக்க வேண்டியதைக் கத்துக்குடுக்கல, அவ்வளவுதான்.

மேனேஜர் இன்னும் 8 நாள் தந்திருக்கார், இந்தத் தடவை நீயே நடத்துன்னு சொல்லிட்டார். எதுல ஆரம்பிக்கணும், எதை விட்டுடலாம்? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

டிரெய்னர்_பிரிக்ஃபீல்ட்ஸ்
திங்கள், இரவு 11:58

தம்பி, நான் கோலாலம்பூர்ல இதே வேலை தான் ரொம்ப வருசமா பண்றேன். அனுபவசாலிங்களுக்கு கன்ட்ரோல் பேரெல்லாம் சொல்லவே வேணாம், அதை அவங்களே ராத்திரி உக்காந்து படிச்சுக்குவாங்க. அவங்க கையில ஊறிப்போன பழக்கம் ஒண்ணு இருக்கு, அதைத் தான் முதல்ல அசைக்கணும்.

சர்வர் பக்கம் எழுதுறவங்களுக்கு ரிக்வெஸ்ட் வரும், வேலை நடக்கும், பதில் போகும், கதை முடிஞ்சுது. ஒரு ரிக்வெஸ்ட் மூணு செகண்ட் நின்னா அடுத்தவரைக் கவனிக்க வேற த்ரெட் (புரோகிராமுக்குள்ள தனியா வேலை ஓட்டுற ஒரு ஆள் மாதிரி) இருக்கு. டெஸ்க்டாப்ல ஸ்கிரீனை வரையறதுக்கும் கிளிக்கை வாங்குறதுக்கும் கீபோர்டுக்கும் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே யூஐ த்ரெட். விண்டோஸ் ஒவ்வொரு கிளிக்கையும் ஒரு மெசேஜா வரிசையில போடும், அந்த த்ரெட் ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கும். அது வேற எங்கயாவது போய் மாட்டிக்கிச்சுன்னா வரிசை அப்படியே நிக்கும், 5 செகண்ட் வரைக்கும் எடுக்கலைன்னா விண்டோஸே 'நாட் ரெஸ்பாண்டிங்'னு போட்டு ஜன்னலை வெளுக்க வச்சிடும்.

இதை ஸ்லைடுல சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, அதனால நான் இப்படித்தான் செய்வேன். ஒரு ஃபார்ம், அதுல ஒரே ஒரு பட்டன், ஒரு லேபிள். கிளிக் ஈவென்ட்ல 3 செகண்ட் த்ரெட் ஸ்லீப், அப்புறம் லேபிள்ல எண்ணிக்கையை ஒண்ணு கூட்டு. ஒருத்தரைக் கூப்பிட்டு டக்டக்னு நாலு தடவை கிளிக் பண்ணச் சொல்லு. 12 செகண்ட் கழிச்சு லேபிள்ல 4 நிக்கும். சரி இதுக்கு என்ன பண்ணலாம்னு கேளு. எல்லாரும் ஒரே குரல்ல, ஆரம்பத்துல பட்டனை டிஸேபிள் பண்ணு, முடிவுல எனேபிள் பண்ணும்பாங்க. செய்யச் சொல்லு. திரும்ப நாலு கிளிக். திரும்பவும் 4 தான் வரும்.

அந்த நிமிசம் ரூம் அமைதியாயிடும் பாரு, அங்க இருந்து தான் உன் வகுப்பு ஆரம்பிக்குது. த்ரெட் தூங்கும்போது வந்த மூணு கிளிக்கும் வரிசையில உக்காந்திருக்கு, த்ரெட் முழிச்சு பட்டனை எனேபிள் பண்ணிட்டுத் தான் வரிசைக்குத் திரும்புது, அப்ப பட்டன் திறந்து இருக்குல்ல, உள்ள விட்டுடும். அதே இடத்துல ஸ்லீப்பை எடுத்துட்டு அவெய்ட் போட்டு டிலே வச்சா, காத்திருக்கிற நேரத்துல த்ரெட் வரிசைக்குத் திரும்பிப் போகுது, மூணு கிளிக்கும் டிஸேபிள் ஆன பட்டன் மேல விழுந்து வீணாப் போகுது, லேபிள்ல 1. உங்க டிரே நாலு தடவை போன கதை முழுக்க இது தான் தம்பி.

ஸ்பிரிங்ல_இருந்து_வந்தவன்
செவ்வாய், காலை 8:15

நான் அந்த 7 பேர் மாதிரி ஒரு ஆள், மூணு வருசம் முன்னாடி ஜாவா பேக்எண்ட்ல (சர்வர் பக்க வேலை) இருந்து பத்து காவான்ல ஒரு எக்விப்மென்ட் கம்பெனிக்கு மாறுனேன். அண்ணா சொன்ன பட்டன் பாடம் யாராவது எனக்கு அப்ப சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

எனக்கு அடிச்சது வேற இடம். அசின்க் அவெய்ட் தெரியும்னு நெனச்சேன், டாட்நெட் கோர்ல வெப் ஏபிஐ ஒரு வருசம் எழுதியிருந்தேன். அங்க அவசரத்துக்கு அவெய்ட் போடாம டாட் ரிசல்ட்னு போட்டு, பதில் வர்ற வரைக்கும் த்ரெட்டை அங்கயே நிறுத்தி வாங்கிடுவோம், நல்ல பழக்கம் இல்ல ஆனா ஓடும். அதையே ஃபார்ம்ல போட்டேன், ஜன்னல் திறந்த உடனே செத்துப் போச்சு, எரர் இல்ல, லாக் இல்ல, சிபியு 0 சதவீதம். ரெண்டு நாள் போராடுனேன். யூஐ த்ரெட் ரிசல்ட்டுக்காகக் காத்து நிக்குது, அந்த வேலையோட மிச்ச பாகம் யூஐ த்ரெட் ஃப்ரீ ஆனா தான் ஓடுவேன்னு காத்து நிக்குது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்குது. ஏஎஸ்பி டாட்நெட் கோர்ல, மிச்ச வேலையை அதே த்ரெட்டுக்குத் திருப்பி அனுப்புற அந்த சிங்க்ரனைசேஷன் கான்டெக்ஸ்ட் கிடையாது, அதனால அங்க இது மாட்டல.

அதனால நீங்க "அசின்க் தெரியுமா?"ன்னு கேட்டா எல்லாரும் தெரியும்னு தான் சொல்லுவாங்க, பொய் இல்ல. கேக்காதீங்க, அந்த ஜன்னலை அவங்க கையாலயே ஒரு தடவை சாகடிக்க விடுங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு அவங்களுக்குத் தெரிஞ்சதை மதிச்சுப் பேசுங்க. டெஸ்டிங், டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன், கிட், கோட் ரிவ்யூ எல்லாத்துலயும் அவங்க நம்ம ஃபேக்டரி கோடை விட ரொம்ப தூரம் முன்னாடி இருப்பாங்க. எட்டு நாள்ல ஒரு அரை நாள் அவங்க உங்களுக்குக் கத்துக்குடுக்கட்டும். என்னை அப்படி யாரும் கேக்கல, அது இன்னும் மனசுல இருக்கு.

பிறை_விபி6
செவ்வாய், மதியம் 1:05

வணக்கம் தம்பிங்களா. நான் 1998-ல விஷுவல் பேசிக் 6 வந்தப்பவே இந்தத் தொழில்ல இருந்தவன். அந்தக் காலத்துல ஸ்கிரீன் உறைஞ்சா நாங்க லூப் நடுவுல டூஈவென்ட்ஸ்னு ஒரு வரி போடுவோம், ஸ்கிரீன் உயிர் வந்துடும். ஆனா அது வரிசையில இருக்குற கிளிக்கையும் அங்கயே எடுத்து ஓட்டிடும், ஒரு வேலை பாதியில இருக்கும்போதே அதே வேலை இன்னொரு தடவை உள்ள நுழைஞ்சிடும். வின்ஃபார்ம்ஸ்லயும் அந்த வரி இருக்கு, பழைய கோடுல கண்டிப்பா இருக்கும், புதுசா வந்தவங்க அதைப் பாத்து காப்பி அடிப்பாங்க. முதல்லயே காட்டி இது ஏன் கூடாதுன்னு சொல்லிடு தம்பி.

நான் சொல்ல வந்தது ஆயுசு. ஒரு வெப் ரிக்வெஸ்ட்டுக்கு அரை செகண்ட் ஆயுசு, முடிஞ்ச உடனே எல்லாம் குப்பைக்குப் போயிடும், நீ கவனிக்காம விட்டதும் அதோட போயிடும். மேசின் ஸ்கிரீன் திங்கக்கிழமை திறந்தா அடுத்த ஷட்டவுன் வரைக்கும் மூடமாட்டாங்க, 24 மணி நேரம், 30 நாள். சென்சார் சர்வீஸ் மாதிரி கடைசி வரைக்கும் உயிரோட இருக்குற ஒண்ணுல ஒரு ஃபார்ம் போய் சிக்னல் வந்தா எனக்கும் சொல்லுன்னு ஈவென்ட்டை பிளஸ் ஈக்வல்ஸ் போட்டு மாட்டிக்கிச்சுன்னா, அந்த ஃபார்மை மூடுனாலும் அது மெமரியை விட்டுப் போகாது. பத்து தடவை திறந்து மூடுனா பத்து ஃபார்ம் கண்ணுக்குத் தெரியாம உக்காந்து அதே சிக்னலைக் கேட்டுக்கிட்டு இருக்கும்.

கேமரா படம் அதை விட மோசம். பிக்சர்பாக்ஸ்ல புதுப் படத்தை வச்சுட்டு பழசை டிஸ்போஸ் பண்ணாம (விடுவிக்காம) விட்டா மெமரி ஏறிக்கிட்டே போகும். ஜிடிஐ ஆப்ஜெக்ட்னு ஒண்ணு, ஸ்கிரீன்ல வரையறதுக்கு விண்டோஸ் தர்றது, ஓடுற ஒரு புரோகிராமுக்கு (புராசஸ்) வழக்கமா 10,000 தான், அதைத் தாண்டுனா ஸ்கிரீன்ல பட்டன் பாதி வரைஞ்சபடி நிக்கும். டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் பக்கம் போய் ஜிடிஐ எண்ணிக்கை காட்டுற நெடுவரிசையைத் திறந்து வச்சுக்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரோட அப்ளிகேஷனையும் ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போங்க, திங்கக்கிழமை வந்து அந்த நம்பரைப் பாருங்க. அந்த நம்பர் சொல்லாததை நான் வாயால சொல்லி என்ன ஆகப்போகுது.

ரியாக்ட்_ஜார்ஜ்டவுன்
செவ்வாய், இரவு 9:30

ஒரு மாற்றுக் கருத்து, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. 7 பேரும் வெப் ஆளுங்க, அவங்களை டெஸ்க்டாப்புக்கு இழுக்குறதுக்குப் பதிலா வெப் கோடை வச்சே டெஸ்க்டாப் அப்ளிகேஷன் செய்ய விடுற எலக்ட்ரான்ல ஏன் எழுதக்கூடாது? 2013-ல ஆட்டம் ஷெல்னு ஆரம்பிச்சது, இன்னைக்கு நாம எல்லாரும் கோடு எழுதுற விஷுவல் ஸ்டூடியோ கோடே அதுல தான் ஓடுது. இன்னொண்ணு, "வெப் ஆளுங்களுக்கு யூஐ த்ரெட் தெரியாது"ன்னு சொல்றது முழுசா சரி இல்ல. பிரவுசர்லயும் ஒரே மெயின் த்ரெட் தான், ரியாக்ட் எழுதுறவங்களுக்கு இவென்ட் லூப் ரத்தத்துல இருக்கு. தெரியாதது பேக்எண்ட் ஆளுங்களுக்கு.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்
செவ்வாய், இரவு 10:10

@ரியாக்ட்_ஜார்ஜ்டவுன் ரெண்டாவது விசயம் ரொம்ப சரி, நான் அப்படி யோசிக்கவே இல்ல. 7 பேர்ல 2 பேர் ரியாக்ட், 5 பேர் பேக்எண்ட். எலக்ட்ரான் பத்தி, ரிப்போர்ட் ஸ்கிரீன், டேஷ்போர்டு இதுக்கெல்லாம் நான் சரின்னு சொல்லுவேன். ஆனா எங்க கேமரா 1.2 கோடி பிக்சல் கறுப்பு வெள்ளை, பிக்சலுக்கு ஒரு பைட், படத்துக்கு 12 எம்பி. செகண்டுக்கு 20 படம்னா 240 எம்பி. அதை மேசின் பக்க புராசஸ்ல இருந்து ஸ்கிரீன் வரையற புராசஸுக்கு ஒவ்வொரு தடவையும் கடத்திக்கிட்டே இருக்கணும், மோட்டார் கார்டு, ஃபிரேம் கிராபர் (கேமரா படத்தை வாங்குற கார்டு) டிரைவர் எல்லாம் சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப் லைப்ரரியா தான் தர்றாங்க. அதோட லைன்ல இன்னும் விண்டோஸ் 7 பெட்டி இருக்கு, டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 அதுல ஓடும், புதுசு நிறைய ஓடாது. இருக்குற மேசினை விட்டுட்டு ஓட முடியாது.

@டிரெய்னர்_பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணா, எம்விவிஎம் (ஸ்கிரீனையும் அதுக்குப் பின்னால இருக்குற டேட்டாவையும் பிரிச்சு எழுதுற முறை) எந்த நாள்ல எடுக்கலாம்? வின்ஃபார்ம்ஸ் முதல்லயா டபிள்யூபிஎஃப் முதல்லயா?

டிரெய்னர்_பிரிக்ஃபீல்ட்ஸ்
புதன், காலை 7:40

ரியாக்ட் தம்பி சொன்னது சரி, அந்த ரெண்டு பேரையும் மத்தவங்க பக்கத்துல உக்கார வை, ஜோடியா.

வின்ஃபார்ம்ஸ் முதல்ல. அது 2002-ல டாட்நெட்டோட வந்தது, அடியில இருக்குற விண்டோஸ் அப்படியே தெரியும், மெசேஜ் வரிசை கண்ணுக்கு முன்னாடி இருக்கும். டபிள்யூபிஎஃப் 2006 கடைசியில வந்தது, அது நிறைய விசயத்தை பைண்டிங்குக்கு (டேட்டாவையும் ஸ்கிரீனையும் தானா இணைக்கிறது) பின்னால மறைச்சு வச்சிருக்கு. மூணு நாள் வின்ஃபார்ம்ஸ்ல கஷ்டப்பட்டவங்களுக்கு எம்விவிஎம் ஏன் வேணும்னு தானாப் புரியும், நாலாவது நாள் எடு. வெப் ஆளுங்க எம்விசி (மாடல்னா டேட்டா, வியூன்னா ஸ்கிரீன், நடுவுல கன்ட்ரோலர்) தெரியும்பாங்க. அது 1979-ல செராக்ஸ் பார்க்ல டிரிக்வே ரீன்ஸ்காக் யோசிச்சது, அவர் அதைச் செஞ்சதே ஸ்கிரீனுக்கு முன்னாடி உக்காந்திருக்குற ஆளுக்காகத் தான், வெப் அப்ப பிறக்கவே இல்லன்னு சொல்லு, சீனியர்ங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். மாடல் மாறுனா எல்லா வியூவும் தானா மாறணும், அதை யாரும் ரிஃப்ரெஷ் பண்ணிக் கேக்கமாட்டாங்க.

ஒரு சின்ன விசயம் மறந்துடாத. வின்ஃபார்ம்ஸ்ல வேற த்ரெட்ல இருந்து லேபிளைத் தொட்டா டீபக்கர்ல எக்செப்ஷன் வரும், டீபக்கர் இல்லாம ஓட்டுனா அந்தச் சோதனை வழக்கமா இருக்காது, சில நேரம் ஓடும் சில நேரம் கோணலாகும். "என் மேசின்ல ஓடுதே"ன்னு ஒருத்தர் சொல்லும்போது இதைக் காட்டு.

சுங்கை_ஆரா_அக்கா
புதன், மாலை 4:50

நான் புரோகிராமர் இல்ல, இதைப் படிச்சுட்டுச் சும்மா போக முடியல அதான் எழுதுறேன். 11 வருசம் லைன்ல ஆபரேட்டரா இருந்தேன், இப்ப டெக்னீஷியன். நீங்க எல்லாரும் த்ரெட் த்ரெட்னு பேசுறீங்க, அந்த ஸ்கிரீன் முன்னாடி 12 மணி நேரம் நிக்கிறவங்களைப் பத்தி இன்னும் ஒருத்தரும் பேசல.

நாங்க கிளவுஸ் போட்டிருப்போம், விரல்ல அமுக்குனா பக்கத்துப் பட்டன்ல படும், அதனால பேனா மூடியால அமுக்குற பிள்ளைங்க இருக்காங்க. லைன்ல நேபாளத்துப் பிள்ளைங்க, பங்களாதேஷ் பிள்ளைங்க, நம்ம பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து நிக்கிறோம், நாலு வரி இங்கிலீஷ் யாரும் படிக்கிறதில்ல, கலரும் இடமும் பாத்துத் தான் கை போகும். ஒரு தடவை புது வெர்ஷன்ல ஓகேயையும் கேன்சலையும் இடம் மாத்திட்டாங்க, அந்த ஷிஃப்ட் முழுக்க எல்லாரும் தப்பா அமுக்குனாங்க, திட்டு வாங்குனது நாங்க.

அப்புறம் ஸ்கேனர். பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரி தான், எங்க கர்சர் இருக்கோ அங்க டைப் பண்ணும், கடைசியில என்டர் அடிக்கும். ஸ்கிரீன்ல அலாரம் பெட்டி வந்த அதே நேரத்துல நான் டிரே ஸ்கேன் பண்றேன்னு வச்சுக்குங்க, ஸ்கேனர் அடிச்ச என்டர் பெட்டியில ஓகே ஆயிடும். அலாரம் வந்ததே எனக்குத் தெரியாது. லாக்ல மட்டும் "ஆபரேட்டர் ஓகே செய்தார்"னு இருக்கும். என் கூட வேலை செஞ்ச ஒரு பிள்ளைக்கு இதுக்காக வார்னிங் லெட்டர் குடுத்தாங்க. அவ அதை அமுக்கவே இல்ல தம்பி. நான் பக்கத்துல நின்னேன், எனக்குத் தெரியும்.

சில நாள் பெட்டி பெரிய ஜன்னலுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். மேசின் நிக்கும், ஸ்கிரீன் எதைத் தொட்டாலும் பதில் சொல்லாது, ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சு சுவிட்சை ஆஃப் பண்ணுவாங்க, லாட் கணக்கு போயிடும்.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்
புதன், இரவு 11:45

அக்கா, ரொம்ப நன்றி. நாளைக்கே எங்க கோடுல தேடப்போறேன். பெட்டி பின்னாடி போறது, யாரோ யூஐ த்ரெட் இல்லாம வேற த்ரெட்ல இருந்து மெசேஜ்பாக்ஸைக் கூப்பிட்டிருப்பாங்க, அதுக்கு எந்த ஜன்னல் சொந்தம்னு சொல்லாம விட்டா பின்னாடி போயிடும். ஸ்கேனர் விசயம் எனக்கு இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல.

பிறை_விபி6
வியாழன், காலை 6:30

அந்தப் பிள்ளையோட வார்னிங் லெட்டர் விசயம் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. தம்பி, ஏழு பேரையும் ரெண்டாவது நாளே அரை ஷிஃப்ட் லைன்ல நிக்க வை. லேப்டாப் வேணாம், ஒரு நோட்டு, ஒரு பேனா. 1989-ல பிஎஸ்டிசி (பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்) ஆரம்பிச்சப்ப போட்டிக் கம்பெனிங்களே சேர்ந்து ஒரே இடத்துல ஆளுங்களுக்குத் தொழில் கத்துக்குடுத்த ஊர் இது, ஒரே கம்பெனிக்குள்ள ரெண்டு மாடி இறங்கி வந்து பாக்க முடியாதா.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ்
மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 10:05

சொன்ன மாதிரி வந்துட்டேன். 8 நாளும் முடிஞ்சுது, நடந்ததை எழுதுறேன்.

முதல் நாள் அந்தப் பட்டன். டிஸேபிள் பண்ணியும் 4 வந்தப்ப பேங்க் சிஸ்டம் அண்ணன் எழுந்து வந்து என் மவுஸை வாங்கி அவரே மூணு தடவை செஞ்சு பாத்தார். அப்புறம் ஒண்ணும் பேசாம உக்காந்தார். சாயங்காலம் என்கிட்ட வந்து, "அன்னைக்கு டிரே விசயத்துல நான் பட்டனை டிஸேபிள் பண்ணித் தான் இருந்தேன், நீங்க யாரும் நம்பல"ன்னு சொன்னார். கோடைத் திறந்து பாத்தேன். உண்மை தான், டிஸேபிள் இருந்துச்சு. அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன்.

ரெண்டாவது நாள் லைன். நான் எதிர்பார்த்ததை விட நிறைய எழுதிட்டு வந்தாங்க. ஒருத்தர் அரை ஷிஃப்ட்ல ஒரு ஆபரேட்டர் எத்தனை தடவை 'உறுதியா?' பெட்டியைப் படிக்காம மூடுனார்னு நோட்டுல கோடு கிழிச்சு எண்ணியிருந்தார், பக்கம் முழுக்க கோடு. ரியாக்ட்ல இருந்து வந்த பொண்ணு ஆபரேட்டர் நிக்கிற இடத்துல நின்னு ஸ்கிரீனைப் பாத்து, பச்சை விளக்கும் மஞ்சள் விளக்கும் அந்தக் கோணத்துல ஒரே கலரா தெரியுதுன்னு சொன்னாங்க. ஆறு வருசமா அந்த ஸ்கிரீன் எங்க கையில இருக்கு.

மூணாவது நாள்ல இருந்து ஒவ்வொரு மேசையிலயும் ஒரு ஸ்கேனர் வச்சேன். எந்த ஸ்கிரீன் எழுதுனாலும் பக்கத்து ஆள் எப்ப வேணா வந்து ஸ்கேன் பண்ணலாம்னு விதி. ரெண்டு நாள்ல எல்லாரும் அலாரத்தைப் பெட்டியில போடுறதை விட்டுட்டாங்க, ஸ்கிரீன் மேல ஒரு பட்டையா வருது, அதை மூடணும்னா அந்த இடத்தையே ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிக்கணும். ஸ்கேனரோட என்டர் அதைத் தொடாது. எம்விவிஎம் நாலாவது நாள், அண்ணா சொன்னது சரி தான், யாரும் ஏன்னு கேக்கல.

பேங்க் அண்ணன் ஒரு காலை முழுக்க எங்களுக்கு டெஸ்ட் எழுதுறது எப்படின்னு சொல்லிக்குடுத்தார், என் பழைய டீம் ஆளுங்களும் வந்து உக்காந்தாங்க.

வெள்ளிக்கிழமை ஓட விட்டுட்டுப் போனோம். திங்கக்கிழமை 7 அப்ளிகேஷன்ல 4 உயிரோட இருந்துச்சு. ஒண்ணுல ஜிடிஐ 10,000 தொட்டு ஸ்கிரீன் பாதி வரைஞ்சு நின்னுச்சு, பெயிண்ட் ஈவென்ட்ல ஒவ்வொரு தடவையும் புது ஜிடிஐ ஆப்ஜெக்ட் எடுத்து அதைத் திருப்பி விடுவிக்கல. இன்னொண்ணு படம். மூணாவது நான் எழுதிக் குடுத்த சாம்பிள் சர்வீஸ்ல ஈவென்ட்டைக் கழட்டாம விட்டது, அதையும் எல்லார் முன்னாடியும் திறந்து காட்டி சரி பண்ணேன். கடைசி நாள் பூராவும் அதுக்கே போச்சு, இன்ஸ்டாலர் பத்திச் சொல்ல நேரம் இல்லாமப் போச்சு, புரோகிராம் ஃபைல்ஸ் உள்ள செட்டிங் ஃபைல் எழுதக்கூடாதுங்கறதை மட்டும் நின்னபடியே சொல்லி அனுப்பினேன்.

லாக்ல இப்ப ஓகே எதுல இருந்து வந்துச்சு, தொட்டதா கீபோர்டான்னு தனியா எழுதுறோம். அக்கா, உங்க கூட வேலை செஞ்ச பிள்ளைக்கு இது உதவாதுன்னு தெரியும்.

அடுத்த மாசம் இன்னும் 5 பேர் வர்றாங்க. முதல் நாள் நீங்க வந்து ஒரு மணி நேரம் பேச முடியுமா? பாயான் லெப்பாஸ் தான், உங்க சூப்பர்வைசர்கிட்ட நாங்களே லெட்டர் குடுத்துக் கேக்கறோம்.

சுங்கை_ஆரா_அக்கா
திங்கள், காலை 7:55

இப்பத் தான் நைட் முடிஞ்சு வந்தேன். அந்தப் பிள்ளை இப்ப வேற ஃபேக்டரியில இருக்கா, அவகிட்ட இதைக் காட்டுறேன்.

வர்றேன் தம்பி, வியாழக்கிழமை எனக்கு ஆஃப், அன்னைக்கு வைங்க. கிளவுஸ் நான் கொண்டு வர்றேன், அஞ்சு பேரும் அதைப் போட்டுக்கிட்டுத் தான் அவங்க ஸ்கிரீனைத் தொடணும்.